நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் கிளாரினெட்: மலையில் இருந்தபடி எப்படிக் கற்பது?

மலைக்குயில், கோத்தகிரி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பருவத்தில் பேண்டுக் குழுவில் பி பிளாட் கிளாரினெட் வாசித்து வந்தேன். அதன்பின் கல்லூரி, திருமணம், வேலை என்று காலம் ஓடி, கருவியைத் தொட்டே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பணி ஓய்வு நெருங்கும் இந்த நேரத்தில், அண்ணன் வீட்டுப் பரணில் கிடந்த என் பழைய கிளாரினெட் மறுபடியும் கைக்கு வந்திருக்கிறது. அது கருங்காலி போன்ற கறுப்பு மரத்தால் ஆனது. வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது; பெட்டியைத் திறந்தால் பூஞ்சை வாடை வருகிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் சனிக்கிழமைதோறும் பஜனை நடக்கிறது. பாடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களோடு அமர்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கச்சேரி செய்யும் எண்ணம் இல்லை. கருவியை அப்படியே எடுத்து ஊதலாமா, நொட்டேஷன் (தாளில் எழுதிய மேற்கத்திய இசைக்குறிப்பு) வழியாகத் தொடர்வதா அல்லது கர்நாடக முறையில் புதிதாகத் தொடங்குவதா, ஆசிரியர் எவரும் அருகில் இல்லாத நிலையில் இணையவழி வகுப்பு போதுமா என்ற மூன்று குழப்பங்களோடு எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பேண்டுக்காரர், வெல்லிங்டன்:

வணக்கம் அம்மா. ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் மனம் தளர்வதற்குக் கருவியின் கோளாறே காரணம் என்பதையும், அந்தக் கோளாறைத் தம்முடைய கோளாறென்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள் என்பதையும் பல முறை பார்த்திருக்கிறேன்.

இத்தனை ஆண்டுகள் பரணில் கிடந்த கருவியில், துளைகளை மூடும் மெத்தை போன்ற பேடுகள் சுருங்கியோ கிழிந்தோ இருக்கும். ஒரு பேடு இம்மியளவு மூடாமல் இருந்தாலும் அதற்குக் கீழே உள்ள சுரங்கள் எதுவும் ஒழுங்காக வராது, வந்தாலும் கீச்சிடும். இதை நீங்களே சோதிக்கலாம். மேல் துண்டை மட்டும் தனியாகக் கழற்றி, அதன் துளைகளை இடக்கை விரல்களால் மூடி, அடிப்பக்கத்தை வலது உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, மேல் வாயில் உதட்டை வைத்து காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடிப்பு சில நொடிகள் நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவு இருந்தால் ஊதிப் பழக வேண்டாம். கோயம்புத்தூருக்கு எடுத்துச் சென்று, காற்றுக் கருவிகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் பேடுகளை மாற்றிக்கொள்ளுங்கள். துண்டுகளை இணைக்கும் இடத்தில் உள்ள கார்க்குகளும் காய்ந்து உதிர்ந்திருக்கும். அவற்றையும் அப்போதே மாற்றிவிடலாம்.

வாயில் வைத்து ஊதும் பகுதியான மவுத்பீஸை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். வெந்நீர் கூடாது, அது செய்யப்பட்ட எபனைட் என்னும் கடின ரப்பர் நிறம் மாறிவிடும். பெட்டியின் உட்துணியில் பூஞ்சை ஏறியிருந்தால் அதைத் துடைத்துப் பயனில்லை, புதுப் பெட்டி வாங்குவதே நல்லது. நம் மலையில் தோல் செருப்பும் கேமரா லென்ஸும் எப்படிப் பூஞ்சை பிடிக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் வாயில் வைக்கும் பொருள் அந்தப் பெட்டிக்குள்தான் தூங்குகிறது. மவுத்பீஸில் பொருத்தி ஒலியெழுப்பும் நாணல் தகடுகளான பழைய ரீட்கள் எவையேனும் உள்ளே இருந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

புது ரீட் வாங்கும்போது பள்ளியில் வாசித்த எண்ணைக் கேட்காதீர்கள் (எண் கூடக் கூட ரீட் கடினமாகும்). மூன்றாம் எண் ரீட் வாசித்தவராக இருந்தாலும் இப்போது இரண்டாம் எண்ணில் தொடங்குங்கள். விரல்கள் ஆச்சரியப்படும் அளவுக்குப் பழையதை நினைவில் வைத்திருக்கும். உதட்டைச் சுற்றியுள்ள தசைகள் வைத்திருக்காது. கடினமான ரீடை வைத்துக்கொண்டால் ஒலி வராததால் கீழுதட்டைக் கடிக்கத் தொடங்குவீர்கள். அந்தக் கடிக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் விடுவிப்பது மிகக் கடினம்.

ஒலியியல் ஆசிரியர், உதகை:

பேண்டுக்காரர் ஐயா சொன்னதோடு குளிரைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன். நான் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். கிளாரினெட் கற்கத் தொடங்கியது நடு வயதில்தான்.

மலையில் காற்று மெலிந்திருப்பதால் சுருதி இறங்குகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுதான். ஆனால் காற்றில் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே ஒழிய அழுத்தம் அல்ல. 10 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 337 மீட்டர். 25 டிகிரியில் 346 மீட்டர். குழலுக்குள் இருக்கும் காற்று முழுவதும் இந்த அளவுக்குக் குளிர்ந்தால் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கிவிடும். நடைமுறையில் நம் மூச்சு குழலின் மேற்பகுதியைச் சூடாக்குவதால் அவ்வளவு இறங்குவதில்லை. ஆயினும் டிசம்பர், ஜனவரிக் காலையில் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊதினால் எந்தக் காதுக்கும் தெரியும் அளவுக்கு இறங்கியே இருக்கும். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிக்குக் குளிர் தெரியாது. ஆகவே இரண்டும் ஒட்டாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுருதி கூடினால், மவுத்பீஸுக்கு அடுத்த குட்டையான துண்டாகிய பேரலைச் சற்று வெளியே இழுத்துக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்தால், ஏற்கெனவே முழுக்க உள்ளே தள்ளியிருக்கும் பேரலை மேலும் தள்ள வழியில்லை. அந்த நேரத்தில் உதட்டை இறுக்கிச் சுருதியை ஏற்ற முயல்கிறவர்கள்தான் மிகுதி. ஐயா குறிப்பிட்ட கடிக்கும் பழக்கம் பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது. கருவியைச் சூடேற்றுவது ஒன்றே வழி. மரக் கருவியை அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னிலையிலோ வைக்கவே கூடாது. மேல் துண்டைச் சால்வைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் காத்திருங்கள். பிறகு தாழ்ந்த சுரங்களை மெதுவாக ஊதுங்கள். குளிர்ந்த மரத்துக்குள் திடீரென்று சூடான ஈர மூச்சு பாயும்போது உட்புறம் விரிகிறது, வெளிப்புறம் விரிவதில்லை. இந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது. மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்திலிருந்து மலையேறி வந்த அன்றும் பெட்டியை உடனே திறக்காமல் ஓரிரு மணி நேரம் அறையிலேயே வைத்திருப்பது நல்லது.

மழைக்காலத்தில் சிக்கல் வேறு வகை. ஈரத்தில் மரம் உப்பி, இணைப்புகள் கழற்ற வராமல் இறுகிக்கொள்ளும். அப்போது முறுக்கிப் பலம் காட்டினால், துளைகளைத் திறந்து மூடும் உலோகக் கீ வளைந்துவிடும். வாசித்து முடித்தவுடன் துணியை உள்ளே இழுத்து ஈரத்தை எடுத்து, உடனடியாகத் துண்டு துண்டாகக் கழற்றிவிடுவதே இதைத் தவிர்க்கும் முறை.

என் தனிப்பட்ட கருத்து: புதிதாக வாங்குகிறவர்கள் மலையில் மரத்தைத் தேட வேண்டியதில்லை. யமஹா ஒய்.சி.எல். 255 போன்ற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கருவிகள் வெடிப்பதில்லை, உப்புவதில்லை. தொடக்க நிலையில் ஒலியில் பெரிய குறை எதையும் நான் உணரவில்லை.

சரளிவரிசை, கொடைக்கானல்:

வணக்கம் அக்கா. நான் கர்நாடக முறையில் கிளாரினெட் கற்றவள். நீங்கள் பஜனைக்கு வாசிக்க விரும்புவதாகச் சொன்னதால் இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

கிளாரினெட்டில் நம் இசை வராது என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். சின்ன மேளத்தில், அதாவது பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிராட்டத்துக்குப் பின்னணியாக, கிளாரினெட் ஒலித்த காலம் உண்டு. திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் நாகசுரத்துக்கு இணையாக இதில் ராக ஆலாபனை செய்து காட்டியவர். 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய ஒலிப்பதிவுகளை நாள்தோறும் சிறிது நேரம் கேளுங்கள். துளையின் மேல் விரலை முழுதும் எடுக்காமல் சரித்து எடுப்பதிலும் உதட்டைத் தளர்த்துவதிலும் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) எப்படிப் பிறக்கிறது என்பது கேட்டால்தான் விளங்கும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். உங்களுடையது பி பிளாட் கிளாரினெட். பேண்டில் நீங்கள் ‘சி’ என்று கற்ற விரலை வைத்து ஊதினால், கீபோர்டில் பி பிளாட் எனும் சுரம், நம் சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை, ஒலிக்கும். ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜமம் (ச) வேண்டுமென்றால் நீங்கள் கற்ற ‘டி’யில் தொடங்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் பழக்கத்தால் மாணவரை அங்கேயே தொடங்கவைக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையிலேயே பெரிய தடை வருகிறது. அதற்குரிய ராகமான மாயாமாளவகௌளையில் தைவதம் (த) ‘தொண்டைப் பகுதி’ எனப்படும், குழலின் மேல்முனையில் ஒலிக்கும் மெலிந்த சுரமாகிறது. அடுத்த நிஷாதத்துக்கு (நி) எல்லா விரல்களையும் ஒரே நொடியில் மூட வேண்டியிருக்கிறது. பேண்டில் இதைத்தான் ‘பிரேக்’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முதல் வாரத்தில் தாண்ட வேண்டிய இடம் அதுவல்ல.

அதற்குப் பதிலாக நீங்கள் கற்ற கீழ் ‘ஜி’யைச் சட்ஜமமாக வையுங்கள். அது நான்கு கட்டை. கட்டைவிரலோடு சேர்த்து ஏழு விரல்களும் துளைகளை மூடியிருந்தால் ச. அதோடு வலக்கைச் சுண்டுவிரலால் கீயை அழுத்தினால் சுத்த ரிஷபம். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய், எல்லா விரல்களையும் எடுத்துவிட்டால் மேல் ச. ஒரு ஸ்தாயி முழுவதும் பிரேக்கைத் தொடாமல் முடிந்துவிடுகிறது. சுருதிப் பெட்டியை நான்கு கட்டையில் வைத்துக்கொண்டு சரளி வரிசை முழுவதையும் இப்படியே வாசிக்கலாம்.

உங்கள் பஜனையில் பெண்கள் ஐந்து கட்டையில் பாடுவார்களென்றால் இன்னும் நல்லது. கீழ் ‘ஏ’ உங்கள் சட்ஜமம் ஆகும். அப்போது கருவியின் கடைசித் தாழ்ந்த சுரமாகிய ‘இ’ மிகச் சரியாக மந்திரப் பஞ்சமமாக (கீழ் ஸ்தாயியின் ப) வந்து அமையும். பஜனைப் பாடல்களில் பெரும்பாலானவை மந்திரப் பஞ்சமத்துக்குக் கீழே போவதில்லை. அவர்கள் எந்தக் கட்டையில் பாடுகிறார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற முடிவுகளை அதன்பின் எடுக்கலாம்.

புல்லாங்குழல் தெரிந்த எவரும் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் அதே விரலோடு அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயியின் அதே சுரம் வரும். கிளாரினெட்டின் குழல் நேராகவும் ஒரு முனை மூடியதாகவும் இயங்குவதால், சட்ஜமத்தின் விரலோடு, மேல் சுரங்களுக்குத் தாவ உதவும் ரிஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம்தான் வரும். இரண்டு ஸ்தாயிக்கும் இரண்டு வேறு விரலமைப்புகளைக் கற்க வேண்டும். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

பேண்டுக்காரர், வெல்லிங்டன்:

தங்கை எழுதியது அருமை. நான்கு கட்டையில் தொடங்கும் யோசனையை நானும் என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அம்மாவுக்கு ஏற்கெனவே நொட்டேஷன் படிக்கத் தெரியும். அதை விட்டுவிட்டுச் செவிவழிக்கு மட்டும் போனால் கையில் இருக்கும் ஒரு சொத்தை வீணாக்குவதாகும். முதல் சில மாதங்கள் பழைய பேண்டுப் பாடங்களை நொட்டேஷன் பார்த்து வாசித்தால் விரல்கள் வேகமாகத் திரும்பும். அதற்குப் பிறகு வரிசைகளுக்குப் போகலாம்.

சரளிவரிசை, கொடைக்கானல்:

ஐயா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் தாளைப் பார்த்து வாசிக்கிறவர் பஜனையில் பாடகி சங்கதி மாற்றும் தருணத்தில் நின்றுவிடுவார். அங்கே தாள் இருக்காது. அவர் எங்கே வாசிக்கப் போகிறாரோ அந்த இடத்துக்கு வேண்டிய பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வளர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நொட்டேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சியின் முற்பாதியை வரிசைக்கும் பிற்பாதியை நொட்டேஷனுக்கும் கொடுக்கலாம். களைப்பில்லாத உதடு காதுக்குரிய வேலைக்குப் போகட்டும்.

பேண்டுக்காரர், வெல்லிங்டன்:

அந்தப் பிரிவினை எனக்கும் சம்மதமே.

தேயிலைத் தோட்டத்தார், மஞ்சூர்:

மூன்றாவது கேள்விக்கு என் அனுபவத்தைப் பகிர்கிறேன். நான் முழுக்க முழுக்க இணையவழியில் கற்கிறேன்; ஆசிரியர் சென்னையில் இருக்கிறார். இதில் சில வரம்புகள் உண்டு. ஒலி தாமதமாகப் போய்ச் சேருவதால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் வாசிப்பார், நிறுத்துவார், பிறகு நான் வாசிப்பேன். மேலும் காணொளிச் செயலிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. நீளமாக ஒரே சுரத்தைப் பிடித்தால் அதை மின்விசிறி இரைச்சல் என்று கருதி மென்பொருள் அழித்துவிடுகிறது. ஜூம் செயலியில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்காமல் வகுப்பில் உட்கார்ந்தால் ஆசிரியருக்கு உங்கள் ஒலியில் பாதிகூடப் போய்ச் சேராது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரமும் இணையமும் போய்ப் போய் வருவதால், பாடங்களைப் பதிவுசெய்து அனுப்பி, திருத்தங்களைப் பதிவாகவே திரும்பப் பெறும் முறைக்கு மாறிவிட்டோம். எனக்கு அதுவே பயனுள்ளதாக இருக்கிறது, ஏனெனில் அனுப்புவதற்கு முன் நானே என்னைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறேன்.

ஆயினும் வாய் வைக்கும் முறையை மட்டும் நேரில் கற்க வேண்டும். கீழுதடு பல்லின்மேல் எவ்வளவு மடிந்திருக்கிறது, தாடை தட்டையாக இருக்கிறதா, கன்னம் உப்புகிறதா, மவுத்பீஸ் எவ்வளவு உள்ளே போகிறது என்பவற்றைக் கேமராவில் ஓரளவுக்குத்தான் பார்க்க முடியும். முதலில் நேரில் சில வகுப்புகள், பிறகு இணையவழி என்று வைத்துக்கொள்வதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

தேர்வு எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஏ.பி.ஆர்.எஸ்.எம்., டிரினிட்டி ஆகிய இரு லண்டன் அமைப்புகளின் கிரேடு தேர்வுகளுக்கும் வயது வரம்பு கிடையாது. காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பும் தேர்வுமுறை 2020 முதல் இருப்பதால் அதற்காக மலையிறங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். முறையில் ஆறாம் கிரேடுக்குப் போகும் முன் ஐந்தாம் கிரேடு தியரியோ (இசைக் கோட்பாடு) அதற்கு இணையாக அவர்கள் ஏற்கும் தேர்வோ தேறியிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

குன்னூர்த் தந்தை:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள வேண்டும். என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் கிளாரினெட் கேட்கிறாள். இந்த வயதில் தொடங்கலாமா?

பேண்டுக்காரர், வெல்லிங்டன்:

முன்பற்கள் விழுந்து முளைத்து நிலைத்துவிட்டனவா, விரல் நுனிகள் துளைகளை முழுக்க மூடுகின்றனவா என்ற இரண்டையும் பாருங்கள். மோதிர விரல் துளையை மூடவில்லை என்றால் ஓர் ஆண்டு பொறுத்திருந்து, அதுவரை ரெக்கார்டர் குழல் கற்பிக்கலாம். கருவியின் எடை முழுவதும் வலது கட்டைவிரலில் நிற்பதால் கழுத்துப் பட்டை வாங்கிக் கொடுங்கள். வயதானவர்களுக்கும் அது உதவும்.

மலைக்குயில், கோத்தகிரி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி உறிஞ்சிப் பார்த்தேன். பிடிப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. கருவியைக் கோவையில் கொடுத்து எல்லாப் பேடுகளையும் மாற்றி வாங்கி வந்துவிட்டேன். இரண்டாம் எண் ரீட் வாங்கினேன். பஜனைக் குழுவில் கேட்டதில் ஐந்து கட்டை என்றார்கள். கீழ் ‘ஏ’யில் சரளி வரிசை தொடங்கியிருக்கிறேன். ச ரி க ம வரை திருப்தியாக வருகிறது. மேல் நிஷாதத்தில் ஒலி மெலிந்து சற்று மூச்சடைத்ததுபோல் கேட்கிறது. இன்னொன்று: சிறிது நேரம் வாசித்தவுடனே வாயின் இரு ஓரங்களிலும் காற்று கசிகிறது. இது வயதினால் வருவதா? விடாமல் தொடர்ந்து ஊதினால் சரியாகிவிடுமா?

சரளிவரிசை, கொடைக்கானல்:

அக்கா, அந்த நிஷாதம் தொண்டைப் பகுதிச் சுரம். குழலின் மிகச் சிறிய நீளமே ஒலிப்பதால் எல்லாக் கருவியிலும் அது மெலிந்துதான் கேட்கும். அந்தச் சுரத்தை வாசிக்கும்போது வலக்கை விரல்கள் சிலவற்றைத் துளைகளின்மேல் மூடி வைத்துப் பாருங்கள், ஒலி கனக்கும். எந்த விரல்கள் என்பது கருவிக்குக் கருவி மாறும். மூன்று நான்கு சேர்க்கைகளைச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டு, சுருதி பிசகாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பேண்டுக்காரர், வெல்லிங்டன்:

அம்மா, ஓரத்தில் காற்று கசிவது வயதினால் அல்ல. அந்தத் தசை களைத்துவிட்டது என்பதன் அடையாளம். பேண்டில் விடுமுறை முடிந்து வந்த இளைஞர்களுக்கும் இதுவே நேரும். கசிவு தொடங்கியவுடன் அன்றைய வாசிப்பை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் ஊதினால், களைத்த தசைக்குப் பதிலாகத் தாடையால் கடித்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்வீர்கள். ஒரே மூச்சாக நீண்ட நேரம் உட்காருவதைவிடக் காலையில் ஒரு கால்மணி, மாலையில் ஒரு கால்மணி என்று பிரித்துக்கொள்வது மேல். அந்த நேரத்தின் தொடக்கத்தில் நீண்ட சுரங்களை மட்டும், சட்ஜமத்திலும் பஞ்சமத்திலும், மெல்லத் தொடங்கி வளர்த்து மெல்ல முடிக்குமாறு பிடியுங்கள். ரீட்களை நான்காக வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வாசித்த ரீடை ஈரத்தோடு மவுத்பீஸிலேயே விடாமல் துடைத்து, தட்டையான கூட்டில் காயவையுங்கள். வெல்லிங்டன் பக்கம் வர வாய்ப்பிருந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். வாய் வைக்கும் முறையை நேரில் பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

மலைக்குயில், கோத்தகிரி:

மிக்க நன்றி ஐயா. அடுத்த வாரம் குன்னூர் வர வேண்டிய வேலை இருக்கிறது. கருவியையும் எடுத்து வருகிறேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.